நிலவறையில் மூன்று சுருள்கள்

கிட்ட வந்து இருங்கள், என் கண்மணிகளே. இன்னும் கொஞ்சம் கிட்ட. கதவை மட்டும் சாத்த வேண்டாம். இன்றைக்கு நான் சொல்லப் போவது சாத்திய கதவின் கதை. பொன் உண்டு, களவு உண்டு, சிரிக்கவும் கொஞ்சம் உண்டு. பயந்த பிள்ளை யாரும் இருந்தால் என் கைப்பக்கம் வந்து இருக்கட்டும். ஏனென்றால் இந்தக் கதையில் நாங்கள் எமிலின் பின்னால்தான் போகப் போகிறோம். எமிலுக்கோ லிஃப்டில் ஏறவே நெஞ்சு அடைக்கும்.

எமில் புதுச்சேரிக்காரர். முப்பத்தைந்து வருஷம் பாரிஸ் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்துப் போட்டு ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருந்தால் மனைவி மரி-லூயிஸ் உருளைக்கிழங்கு தோல் சீவச் சொல்கிறாள் என்று, துப்பறியும் கலாவதியோடு ஒட்டிக்கொண்டார். கலாவதி யாழ்ப்பாணத்து மனுஷி. இருபது வருஷம் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக நின்றவர். இரண்டு மொழியில் பொய் கேட்டுப் பழகிய காது அவருடையது. பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் யாருக்கு எது தொலைந்தாலும் முதலில் கலாவதி, அப்புறம்தான் பொலிஸ்.

அந்த வியாழக்கிழமை பிற்பகல் கலாவதியின் தொலைபேசி அடித்தது. அவர் கேட்டார், வைத்தார், எழுந்தார்.

"எமில் அண்ணை, வெளிக்கிடுங்கோ. பொன் துலைஞ்சு போச்சாம்."

"என்கிட்ட இருக்கிற பொன்னு பல்லு ஒண்ணுதான் மதாம். இருக்கு. நாக்கால தொட்டுப் பார்த்துட்டேன்."

ரூ பஜோலை ஒட்டிய ஒரு சந்தில் மகாலிங்கத்தின் மளிகைக் கடை. முன்னால் கடை, பின்னால் ஒரு சின்னக் கூடம், கீழே நிலவறை, மூன்றாம் மாடியில் வீடு. கூடத்தில் பத்துப் பன்னிரண்டு உறவினர்கள் பட்டுச் சேலையும் வேட்டியுமாக, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். மூலையில் அரிசி மூட்டையின் மேல் உதயன் இருந்தான். முப்பத்தெட்டு வயது. அந்தக் கடையில் ஆறு வருஷமாக மூட்டை தூக்குகிறவன். காற்சட்டைப் பைகள் இரண்டும் வெளியே இழுத்துவிட்டபடி தொங்கின. கலாவதியைக் கூப்பிட்டவன் அவன்தான்.

"அக்கா, திங்கட்கிழமை பிரிபெக்தூரிலை விசா அலுவலுக்கு எனக்கு றோந்தேவு, வரச்சொல்லியிருக்கினம்," என்றான் உதயன். குரல் தரையில் கிடந்தது. "வேலைக்குக் கடைக் கடிதம் கொண்டுபோனால் வதிவிட கார்ட் தருவினம். களவுக் கேஸ் எழுதினால் கார்ட்டும் இல்லை, நானும் இல்லை."

"அஞ்சரை மணி மட்டும் பாப்பன்," என்றார் கலியாண மாப்பிள்ளையின் தாய்மாமன், கடைக்காரரின் மச்சான். உதயனுடைய தொலைபேசியை அவர் ஏற்கெனவே பறித்துத் தன் பையில் போட்டிருந்தார். "பேந்து நேரை கொமிசரியா, பொலிசிலை குடுக்கிறதுதான்."

கலாவதி தன் தொலைபேசியை உதயனிடம் கொடுத்தார். "வக்கீல் லாராவின்ரை நம்பர் உதிலை இருக்கு. எடுத்துக் கதை. நான் கேக்கிறவரைக்கும் உன்ரை கையிலையே இருக்கட்டும்." தாய்மாமன் அந்தத் தொலைபேசியைப் பார்த்தார். கலாவதி தாய்மாமனைப் பார்த்தார். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

கடைக்காரர் மகாலிங்கம் நடந்ததைச் சொன்னார். அறுபது வயது, மனைவியை இழந்தவர், ஒரே மகன் கரிகாலன்.

"காலமை பத்தேகாலுக்கு நல்ல நேரம், தங்கச்சி. மோன்ரை பொன்னுருக்கல். மேலை வீட்டிலை நெருப்பு மூட்டேலாது. போன வருசம் மச்சாள் வீட்டிலை உமி புகைஞ்சு, பொம்பியே தீயணைப்பு வண்டி வந்து, பொன் உருக்க வந்த பத்தரை ஏணியாலை இறக்கினவங்கள். அதாலை நாங்கள் கீழை காவுக்கை, நிலவறையிலை செய்தம்."

தெரியாத பிள்ளைகளுக்குச் சொல்லி விடுகிறேன். கலியாணத்துக்கு முன் நல்ல நாள் பார்த்து, மாப்பிள்ளை வீட்டில் பொற்கொல்லரான பத்தரைக் கொண்டு ஒரு பொற்காசை எல்லோர் கண்முன்னும் நெருப்பில் உருக்குவார்கள். உருகிய பொன்னில்தான் தாலி செய்வது. அதற்குப் பிறகு கலியாணம் நின்றால் குடும்பத்துக்கே ஆகாது என்பார்கள். அந்தப் பொன்னே காணாமல் போனால்? கேட்கவே வேண்டாம்.

போனது அரைப் பவுன். உருகி ஒரு கடலையளவாய்த் தட்டில் இருந்தது. நிறைகுடத்துக்கு முன்னால் மஞ்சளும் பூவும் வைத்து விட்டு எல்லோரும் மேலே சாப்பிட வந்தார்கள். பத்தர் சாப்பிட்ட பிறகே, தாலி செய்யப் பொன்னை அவர் கையில் கொடுப்பது அவர்கள் வீட்டு முறை. நடுவில் தண்ணீர்ப் போத்தல் எடுக்க நிலவறைக்குப் போனவன் உதயன். திரும்பிப் போய்ப் பார்த்தால் தட்டில் மஞ்சள் இருந்தது, பூ இருந்தது, பொன் இல்லை.

"அங்கைதான் எங்கையும் விழுந்து கிடக்கோ எண்டு நானே மிசின் போட்டுத் தேடினனான்," என்றார் மகாலிங்கம். "எல்லாரும் பாத்தவை. இல்லை."

"மிசினோ?"

அவர் ஒரு நீண்ட பையைக் கொண்டுவந்து திறந்தார். உள்ளே உலோகம் தேடும் கருவி. கரிகாலனுடையது. கோடை விடுமுறையில் தெற்கே போய் ஆறுகளில் பொன் தேடுவது அவனுடைய பைத்தியம். தடியின் நுனியில் பூட்ட மூன்று வட்டத் தட்டுகள். ஒவ்வொன்றுக்குள்ளும் செப்புக் கம்பி சுற்றிச் சுற்றிக் கிடப்பதால், தேடுகிறவர்கள் அதைச் சுருள் என்பார்கள்.

"இன்னாங்க இது, தோசைக்கல்லு மூணு சைஸ்ல?" என்றார் எமில்.

மகாலிங்கத்தின் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "பெரிசு ஆழம் போகும். வெளிநிலத்திலை, பெரிய சாமான் தாண்டு கிடந்தால் உதுதான். நடுவானது எல்லாத்துக்கும் அரைகுறையாய்ப் பாவிக்கலாம். ஆனா ஆத்துக்கை, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலை ஒரு பயறளவு பொன் தேடுறதெண்டால் இந்தச் சின்னன்தான். பெரிசைக் கொண்டுபோனால் பக்கத்திலை கிடக்கிற ஆணி, தகரம் எல்லாம் ஒரேயடியாய்க் கத்தும். பொன்ரை குரல் அமுங்கிப் போகும். மூண்டு கோடை நானும் மோனோடை முழங்கால் தண்ணியிலை நிண்டனான், தங்கச்சி."

"காலமை எதைப் பூட்டினனீங்கள்?"

மகாலிங்கம் பையின் இழுப்பை மூடினார். பிறகு திறந்தார். "பெரிசு. அதுதானே ஆழம் போகும்."

"ஓம்," என்றார் கலாவதி.

கலாவதியின் ஓமில் பல வகை உண்டு. சம்மத ஓம், சலிப்பு ஓம், போய்த்தொலை ஓம். இது முடிச்சுப் போட்டு வைக்கிற ஓம் என்று எமிலுக்கு விளங்கியது. எதற்கு முடிச்சு என்றுதான் விளங்கவில்லை.

"மோனைக் கேட்டால் நல்லாத் தெரியுமே. அவன் எங்கை?"

"மேலை. பொன்னுருக்கினாப் பிறகு மாப்பிள்ளை வெளிக்கிடப்படாது. அவனுக்கு இன்னும் சொல்லேல்லை. சொல்லவும் வேண்டாம்."

"சரி. நாங்கள் ஒருக்கா இறங்கிப் பாப்பம்."

நிலவறைக்குப் போகும் படிகள் செங்குத்தாக இறங்கின. எமில் மிசின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒரு புனிதரைக் கூப்பிட்டுக்கொண்டே இறங்கினார். கீழே இரும்புக் கதவு. மகாலிங்கம் வெளிச்சுவரில் இருந்த பொத்தானை அழுத்தினார். உள்ளே ஒற்றைப் பல்பு எரிந்தது. மண் தரை. ஒரு பக்கம் காலையில் மூட்டிய உமிச் சட்டியும் நிறைகுடமும். மற்ற மூன்று பக்கமும் இரும்பு அலுமாரிகள், அவற்றில் கூரை தொட அடுக்கிய தகரங்கள். தேங்காய்ப்பால், டின் மீன், நல்லெண்ணெய், அன்னாசி.

"தேத்தண்ணி கொண்டாறன்," என்று சொல்லி மகாலிங்கம் கதவை இழுத்துவிட்டுப் போனார்.

டக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டக்.

எமில் ஓடிப் போய்க் கைப்பிடியை இழுத்தார். கதவு அசையவில்லை. "மதாம், பூட்டிக்கிச்சு! காத்துல பூட்டிக்கிச்சு!"

"காத்து பூட்டிலை திறப்பை ரெண்டுதரம் திருப்பாது, எமில் அண்ணை."

அதைக் கேட்டதும் எமில் கதவில் பாய்ந்தார். கதவைத் தட்டினார், உதைத்தார், பிரெஞ்சில் கத்தினார், தமிழில் கெஞ்சினார். மேலே கடையின் குளிர்பெட்டிகள் உறுமுகிற சத்தத்தில் அது ஒரு கொசுவின் பாட்டுக்கு மேல் போயிருக்காது. அவருடைய பழைய தொலைபேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. சுவரின் மேல்மூலையில் கையகலக் காற்றுத்துளை ஒன்று இருந்தது. அதற்கும் கம்பி போட்டிருந்தார்கள்.

அப்போது விளக்கு அணைந்தது.

பிள்ளைகளே, இருட்டில் பலவகை உண்டு. போர்வைக்குள் இருக்கும் இருட்டு நல்ல இருட்டு. இது கழுத்தைப் பிடிக்கிற இருட்டு. எமில் தன் மூச்சை எண்ணிக்கொண்டு நின்றார். ஆறாம் மூச்சில் பல்பு மறுபடியும் எரிந்தது.

"அந்தோனியாரே, ஒரு மெழுகுவத்தி," என்றார் எமில். தொலைந்த பொருளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு என்பது எமிலின் நம்பிக்கை. தொலைந்த ஆளுக்கும் சேர்த்துப் பார்க்கட்டும் என்று நினைத்தார்.

கலாவதி கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு இருவது. கதவு எப்ப திறக்குமோ தெரியாது. திறக்கேக்கை எங்கடை கையிலை பொன் இருக்கவேணும். இல்லாட்டி உதயன் போயிடுவான். மிசினை எடுங்கோ."

எமில் கருவியை முடுக்கினார். காலையில் பூட்டிய பெரிய தட்டு அதிலேயே இருந்தது. முடுக்கியதுதான் தாமதம், சந்தையில் நூறு கோழியை ஒன்றாக விட்டதுபோல அது அலறியது. வலப்பக்கம் திருப்பினால் மீன் டின் கத்தியது, இடப்பக்கம் திருப்பினால் எண்ணெய்த் தகரம் கத்தியது, நடுவில் நின்றால் இரண்டும் கத்தின.

"இந்தக் கடையில தகரத்துல அடைக்காத சாமான் உப்பு மட்டும்தான் போல."

"பற்றரி எவ்வளவு?"

"மூணு கோட்டுல ஒண்ணு. அதுவும் கண்ணைச் சிமிட்டுது."

"அப்ப ஒரு தட்டுத்தான் பூட்டலாம். நீங்கள் சொல்லுங்கோ, எது?"

"நடுவுல இருக்கிறதுதான். எல்லாத்துக்கும் ஆகும்னாரே. சீக்கிரம் முடிச்சா சீக்கிரம் வெளிய போலாம்."

"சீக்கிரம் முடிச்சாலும் கதவு பூட்டித்தான் இருக்கும்." கலாவதி தரையைக் கண்ணால் அளந்தார். "இஞ்சை பாருங்கோ. நடுத்தரை வெறும் தரை. பொன் அதிலை கிடந்திருந்தால் காலமையே ஆராவது கண்டு சொல்லியிருப்பினம். சொல்லேல்லை. எண்டால் பொன் இரும்புக்குப் பக்கத்திலை கிடக்கு. இரும்புக்குள்ளை தலையை நுழைக்கிறதெண்டால் சின்னன்தான். அதைப் பூட்டுங்கோ."

"இங்க இல்லாமலே போயிருந்தா?"

"எல்லாரும் மேலை ஒண்டாய் இருந்தவை. உதயன்ரை பையை இழுத்துப் பாத்தவை. ஆரும் வெளியிலை போகேல்லை. இருக்கு."

எமில் பெரிய தட்டின் திருகைக் கழற்றினார், கம்பியை அவிழ்த்தார், உள்ளங்கை அகலத்துச் சின்னச் சுருளைப் பூட்டிக் கம்பியைத் தடியில் சுற்றினார். முதல் இரண்டு தடவையும் தலைகீழாய்ச் சுற்றி, மூன்றாம் தடவையே சரியாய் வந்தது. அதற்குள் விளக்கு இன்னொரு முறை அணைந்து எரிந்தது. அந்தோனியாருக்கு இன்னொரு மெழுகுவர்த்தி போனது.

சின்னச் சுருள் நல்ல குணமுள்ளது. தனக்கு நேர்கீழே உள்ளதைப் பற்றி மட்டும்தான் பேசியது. கலாவதி கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தார். எமில் முழங்காலில் நின்று, இரும்பு அலுமாரிகளின் கால்களுக்கு நடுவே அதை நுழைத்து நுழைத்து எடுத்தார்.

"கரகரக்குது. ஆணி. விடுங்கோ."

"இது?"

"உடைஞ்ச குரல். சோடா மூடி. விடுங்கோ."

"மதாம், கோர்ட்டுல சாட்சி விசாரிக்கிற மாதிரியே இருக்கு."

"அதேதான். பொய் சொல்லுறவன்ரை குரல் இடையிலை முறியும். இரும்பும் அப்பிடித்தான்."

நேரம் போனது. முழங்கால் வலித்தது. விளக்கு அணையும், எரியும், அணையும். ஒவ்வொரு முறையும் அந்தோனியார் கணக்கில் ஒரு மெழுகுவர்த்தி ஏறும். மரி-லூயிஸ் வீட்டில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருப்பாள், அந்தச் சமையலறைக்கு ஜன்னல் உண்டு, இரண்டு ஜன்னல் உண்டு என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது. "இங்கிருந்து வெளிய போனா ஒரு மூட்டை சீவுறேன்," என்று தன்பாட்டில் சொன்னார்.

ஐந்து மணி தாண்டியிருக்கும். மூலை அலுமாரியின் பின்கால்கள் இரண்டும் நெருங்கி நிற்கிற இடத்தில், ஒரு கை மட்டுமே போகிற இடைவெளியில், சுருள் பாடியது. கரகரப்பில்லை, முறிவில்லை. பால் பொங்குகிற நேரத்து ஊதல்போல ஒரே சீரான, மெல்லிய குரல்.

கலாவதி கண் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து விளக்கு அணைந்தது. எமில் ஆறு மூச்சு எண்ணினார். வரவில்லை. பத்து. வரவில்லை. இருபத்தைந்தாம் மூச்சில் அவர் வாய்விட்டு அழத் தொடங்கும் சமயத்தில்தான் பல்பு எரிந்தது.

"தோண்டுங்கோ," என்றார் கலாவதி, ஒன்றும் நடக்காதது போல.

எமில் நெஞ்சைத் தரையில் வைத்துப் படுத்து, வீட்டுச் சாவியால் கிண்டினார். மண் இளகியிருந்தது. இரண்டு விரற்கடை ஆழத்தில் நகத்தில் தட்டுப்பட்டது. மஞ்சள் இன்னும் உலராமல் ஒட்டிய, கடலையளவு பொன்.

"கிடைச்சுது மதாம்! விழுந்து உருண்டு..."

"உருண்டு போனது இரண்டு விரற்கடை ஆழத்திலை தானே போய்த் தாளுமோ?" கலாவதி ஓர் எண்ணெய்த் தகரத்தைக் கதவுக்கு முன்னால் இழுத்துப் போட்டு, அதன்மேல் இருந்தார். பிறகு கதவைப் பார்த்துச் சொன்னார்:

"மகாலிங்கம் அண்ணை, கல்லுப் படியிலை ஒரு மணித்தியாலமாய் இருக்கிறியள். இடுப்பு நோகேல்லையே?"

எமில் பயந்து போனார். "மதாம், கதவுகிட்ட பேசுறீங்க. காத்து கம்மியாயிடுச்சா?"

"லைட் எத்தினைதரம் நூந்தது, எமில் அண்ணை?"

"பன்னெண்டு. பன்னெண்டு மெழுகுவத்தி. அந்தோனியார் கடையே போடலாம்."

"எத்தினைதரம் பத்தினது?"

"அதுவும் பன்னெண்..." எமிலின் வாய் அப்படியே நின்றது. பாரிஸ் நிலவறை விளக்குகள் பொத்தானை அழுத்தினால் எரியும், ஐந்து நிமிஷத்தில் தானாக அணையும். தானாக எரியாது. அந்தப் பொத்தான் கதவுக்கு வெளியே அல்லவா இருக்கிறது?

"எங்களைப் பூட்டினவர்தான் எங்களுக்கு லைட்டும் போட்டவர்," என்றார் கலாவதி, குரலை உயர்த்தாமல். "கடைசிமுறை மட்டும் பிந்திப் போட்டவர். ஏனெண்டால் பொன்ரை குரல் கதவுக்குள்ளாலை கேட்டுது. அந்தக் குரல் அவருக்குத் தெரியும். மூண்டு கோடை ஆத்திலை நிண்டு கேட்டவர். சின்னனைத்தான் போடவேணும் எண்டு எங்களுக்கே படிப்பிச்சவர், காலமை எல்லாரும் பாக்கப் பெரிசைப் போட்டுத் தேடினவர். தேடுறவன் சின்னனைப் போடுவான், அண்ணை. தேடுறமாதிரிக் காட்டுறவன்தான் பெரிசைப் போடுவான். தட்டின்ரை பிழை தெரிஞ்ச மோனை மேலை வைச்சுப் பூட்டாத குறை. பொன்னை ஒளிச்ச இடமும் பாருங்கோ, இரும்புக்கு நடுவிலை. உதயன் ஒளிச்சால் பருப்பு மூட்டைக்கை ஒளிச்சிருப்பான். மிசின் வரும், அது இரும்புக்குப் பக்கத்திலை குழம்பும் எண்டு தெரிஞ்ச கைதான் அங்கை புதைச்சுத் தாட்டது."

மேலே குளிர்பெட்டிகள் உறுமின. பிறகு, கதவுக்கு அப்பால், மிகக் கிட்டத்தில், ஒரு மனிதன் மூக்கை உறிஞ்சினான்.

"நான் யோசிச்சுச் செய்யேல்லை, தங்கச்சி." மகாலிங்கத்தின் குரல்தான். "எல்லாரும் மேலை போயிட்டினம். விளக்குத் திரியைச் சரிபண்ண நிண்டனான். தட்டிலை அது கிடந்துது. கலியாணம் முடிஞ்ச ரெண்டாம் கிழமை மோனும் பொம்பிளையும் தெற்குக்குப் போகினம். பொன் கிடக்கிற ஆத்துப் பக்கம். வீடும் பாத்தாச்சு. மோன் போன கிழமைதான் சொன்னவன். மனிசி போனாப் பிறகு இந்த வீட்டிலை நானும் அவனும்தான். அவனுக்கு முதல்முதல் அந்த மிசினை வாங்கிக் குடுத்ததும் நான்தான்."

"பொன் துலைஞ்சால் கலியாணம் நிக்கும் எண்டு நினைச்சனீங்கள்."

"நிக்கட்டும், இல்லாட்டி ஒரு வருசம் தள்ளிப் போகட்டும் எண்டு... ஆரையும் கள்ளன் எண்டு நான் சொல்லேல்லை. மச்சான்தான் சொன்னவர். சொன்னாப் பிறகு என்னாலை வாய் திறக்கேலாமல் போச்சு. நீங்கள் எந்தத் தட்டெண்டு கேட்டவுடனை எனக்கு விளங்கீட்டுது. என்ன செய்யிறதெண்டு தெரியாமல் பூட்டிப்போட்டன்."

எமில் நெற்றியைக் கதவில் வைத்தார். "முசியே மகாலிங்கம், முதல்ல கதவைத் திறங்க. பாவசங்கீர்த்தனத்தை வெளிய வந்து கேக்கிறேன். உள்ள நான் செத்துட்டா யாரு உங்களுக்கு மன்னிப்பு சொல்றது?"

"விழுந்து கிடந்ததெண்டு சொல்லுவம், தங்கச்சி. நீங்கள் சின்னத் தட்டாலை கண்டுபிடிச்சதெண்டு. எல்லாருக்கும் நல்லது."

"எல்லாருக்கும் இல்லை," என்றார் கலாவதி. "விழுந்து கிடந்ததெண்டால் உங்கடை மச்சான் என்ன சொல்லுவார்? உதயன்தான் தாட்டு வைச்சவன், பேந்து வந்து எடுக்க இருந்தவன் எண்டுவார். கார்ட் கிடைச்சாலும் லா ஷப்பல் முழுக்க அவன் கள்ளன்தான். உங்கடை பிள்ளையைப் பக்கத்திலை வைச்சிருக்க, இன்னொரு தாய் பெத்த பிள்ளையைப் பள்ளத்திலை தள்ளிப்போட்டு நிக்கிறியள், அண்ணை. நேரம் அஞ்சு இருவத்தொண்டு."

விளக்கு அணைந்தது. இந்த முறை யாரும் அதைப் போடவில்லை. இருட்டுக்குள் எமில் கையை நீட்டினார். கலாவதி அதைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கையும் குளிர்ந்திருந்ததை எமில் அப்போதுதான் அறிந்தார்.

பூட்டில் சாவி திரும்பியது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

கூடத்தில் தாய்மாமன் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நின்றார். மகாலிங்கம் பொன்னை ஒரு வெற்றிலையில் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தார். எல்லோருடைய கண்களும் முதலில் பொன்னுக்கும், பிறகு உதயனுக்கும் போயின.

"அவனைப் பாக்காதேங்கோ," என்றார் மகாலிங்கம். "நான்தான் எடுத்தனான். நான்தான் தாட்டனான். உதயன் தண்ணிப் போத்தல் எடுக்கத்தான் போனவன்."

ஒரு பெண் "ஐயோ" என்று வாயைப் பொத்தினாள். தாய்மாமன் போட்ட பொத்தானைக் கழற்றினார், மறுபடி போட்டார். சத்தம் நின்ற சத்தம் கேட்டோ என்னவோ, முன்னமே படியிறங்கி வாசலில் வந்து நின்றிருந்தான் மாப்பிள்ளை கரிகாலன். ஈரத் தலையும் பட்டு வேட்டியுமாக, எல்லாவற்றையும் கேட்டபடி.

"பூர்குவா, பப்பா?" என்றான். ஏன் அப்பா?

மகாலிங்கம் பொன் இருந்த வெற்றிலையை அவன் பக்கம் நீட்டினார்.

எழுந்தவர் சஞ்சீவன் பத்தர். வெற்றிலையிலிருந்து பொன்னை எடுத்தார், நகத்தால் மண்ணைச் சுரண்டினார், வெளிச்சத்தில் பிடித்தார். "பொன்னிலை ஒரு குறையும் இல்லை. தேப்பன் எடுத்தது களவெண்டு எந்தச் சாத்திரத்திலையும் நான் படிக்கேல்லை. அடுத்த ஞாயிறு தாலி கழுத்திலை ஏறும்." மடிச்சீலையில் முடிந்துகொண்டார். கரிகாலன் ஒரு நாற்காலியை இழுத்துத் தகப்பனுக்குப் பக்கத்தில் போட்டு அமர்ந்தான். முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் எழுந்து போகவுமில்லை.

அப்போதுதான் உதயன் எழுந்தான். "அண்ணை, கடைக் கடிதம்."

"நாளைக்கு..."

"இப்ப."

மகாலிங்கம் எழுதினார். வரி கோணிப் போனது. கலாவதி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, ஆறு வருஷத்தையும் எழுதினார். நேர்மையானவன் என்ற சொல் வந்த இடத்தில் பேனாவை நிறுத்தி, கண்ணைத் துடைத்து, எழுதினார். கடை முத்திரையைக் குத்தினார். உதயன் வாசித்தான். திரும்பவும் வாசித்தான். நான்காக மடித்துச் சட்டை உள்பையில் வைத்தான்.

"உதயன்," என்றார் மகாலிங்கம். "கலியாணத்துக்கு வா. முன்வரிசையிலை இரு."

"செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்குக் கடை திறக்க வருவன், அண்ணை. எனக்கு வேலை வேணும்." அவன் குரலில் கோபம் இல்லை; அதுதான் கேட்கக் கடினமாக இருந்தது. "கலியாணத்துக்கு மட்டும் கேக்காதேங்கோ."

தாய்மாமன் அவனுடைய தொலைபேசியை இரண்டு கையாலும் நீட்டினார். உதயன் அதை வாங்கினான், கலாவதியின் தொலைபேசியை அவரிடம் கொடுத்தான், வெளியே நடந்தான்.

தெருவில் மழை தூறிக்கொண்டிருந்தது. எமில் முகத்தை மேலே தூக்கி நனைந்துகொண்டு நின்றார். உதயன் மெத்ரோப் பக்கம் திரும்புகிறவரை, நெஞ்சுப் பையை ஒரு கையால் பொத்திக்கொண்டு போவதை அவர் பார்த்தார்.

"என்ன எமில் அண்ணை, ஒரு பகிடியும் இல்லையோ?"

எமில் ஒரு சிரிப்புச் சொல் தேடிப் பார்த்தார். இல்லை. "நடங்க மதாம்," என்றார். "மெதுவா நடக்கலாம். தெரு நீளமா இருக்குது, நல்லா இருக்குது."

கேட்டுக்கொண்டிருந்த என் செல்வங்களே, நேரமாயிற்று. உங்கள் வீட்டில் பானை நிறையட்டும். தொலைவுக்குப் போகிற பிள்ளை நல்லபடி போகட்டும். பின்னால் இருக்கிற பெரியவரை வாரம் ஒரு குரலாவது தேடி வரட்டும். உங்கள் வீட்டுக்காக உழைக்கிற எந்த மனிதரும் உங்கள் முன்னால் தலை குனியாதிருக்கட்டும். நோயில்லாமல், நொடியில்லாமல், எல்லோரும் நல்லாயிருங்கள்.